எலாடியோ பொறந்த தேதி

…அதத்தான் சொல்றேன், பந்து போடற அந்த மண்மேட்டுல இன்னிக்கு நிக்க வேண்டியவன் நானு. இங்க பதினாலாவது வரிசையில வேர்க்கடல உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியவன் இல்ல. உக்காருங்க சார், உக்காருங்க, அந்தப் பைய நான் எடுத்துக்கறேன். ஆளில்லாத சீட்டுதான் அது. என் பொண்டாட்டி ஜெனீவா வர்றதா இருந்துச்சு, வரல. ஏன் வரலன்னு அப்புறம் சொல்றேன், அது ஒரு தனி வயித்தெரிச்சல்.

வெளியூரா நீங்க? அதான பாத்தேன். கெல்டன் ஊர்க்காரங்க ஒருத்தரும் இப்பல்லாம் எம்பக்கத்துல உக்கார்றதில்ல. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறேனாம். நான் அப்படி என்ன பேசிட்டேன்?

எம்பேரு டெல்மர். டெல்மர் வோசெக். இருபத்தாறு வருஷமா, வருஷா வருஷம் ஜூலை எட்டாந்தேதி, இந்த பேஸ்பால் மைதானத்துல மொத பந்து போட்டவன். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர கூப்பிட்டு மரியாதைக்கு ஒரு பந்து போடச் சொல்லுவாங்கல்ல, அது. மத்த நாள்ல மேயரு போடுவாரு, தீயணைப்புக்காரங்க போடுவாங்க, சோளத் திருவிழால ஜெயிச்ச பொண்ணு போடும். ஜூலை எட்டுன்னா மட்டும் டெல்மர்தான். ஏன்னா எலாடியோ பொறந்தது ஜூலை எட்டு. நான் பொறந்ததும் ஜூலை எட்டு.

எலாடியோ மொந்தால்வோ சார். தெரியாதா? நெஜமாவே தெரியாதா? சரி, வெளியூரு. நம்ம டீமு ‘ஹெரன்ஸ்’ இருக்கே… ஆமா, கொக்கு. அங்க பாருங்க, கொக்கு வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் வெய்யில்ல குதிச்சிட்டிருக்கான் பாருங்க, அது நம்ம டீமு அடையாளம். ஒரே ஒரு பெரிய பந்துவீச்சாளன்தான் இந்தக் கொக்கு டீம்லேர்ந்து பெரிய லீகுக்குப் போனது, அது எலாடியோ. ஸ்பானிஷ் பேசற ஒரு தீவுலேர்ந்து பத்தொம்பது வயசுல வந்தாரு, இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது. அவரு பந்து வர்றது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டுந்தான் கேக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. எங்கப்பா எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாரு, அத விடுங்க.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். ராசி, நட்சத்திரம்னு வேற ஊர்ல என்னென்னமோ பாக்கறாங்களே, அதெல்லாம் இங்க கெடையாது. புதுசா ஒரு ஆளப் பாத்தா, ‘உனக்கு யாரு?’ன்னு கேப்போம். அதாவது, உன் தேதியில பொறந்த கொக்கு ஆட்டக்காரன் யாரு? டீமோட புத்தகத்துல எல்லாப் பேரும் தேதியோட இருக்கு. ஜெனீவாவுக்குப் பந்து பிடிக்கறவன் ஒருத்தன், மூணு வெரலு கோணலா இருக்கும் அவனுக்கு. முடிவெட்டற ஆர்வினுக்கு ஒரே வருஷத்துல எழுவது தடவ ஓடித் திருடினவன். திருட்டுன்னா ஆட்டத்துல சார், பந்து போடறப்பவே அடுத்த எடத்துக்கு ஓடிப் போறது, அது தப்பில்ல. பாதிரியாருக்குக்கூட ஒருத்தன் இருக்கான், சண்ட போட்டு வெளிய அனுப்பப்பட்டவன்.

யாருமே இல்லாத தேதியில பொறந்தவனுக்கு ‘வெறுந்தேதி’ன்னு பேரு. ‘பாவம், வெறுந்தேதி’ம்பாங்க. பொண்ணு பாக்கப் போற எடத்துல கூட அது ஒரு மாதிரி எறங்குமொகமாத்தான் இருக்கும். நானே சொல்லியிருக்கேன், எத்தனையோ பேர. சிரிச்சிருக்கேன்.

இப்ப என் தங்கச்சி புருஷன் லைல் இருக்கானே. ஆகஸ்ட் ஏழு. இன்னிக்கு. அவனுக்கு இத்தன வருஷமா கெடச்சது ஒரு நடுவரு. நடுவரு சார்! அதுவும் அர சீசன், அப்புறம் கண்ணு சரியில்லன்னு அனுப்பிட்டாங்க. ‘மாப்ள, உனக்கு யாரு?’ன்னு நான் எல்லார் முன்னாடியும் கேப்பேன், அவன் கழுத்தச் சொறிஞ்சிக்கிட்டு கோழிக்கறி சாலட்ட எடுத்துத் தட்டுல போட்டுக்குவான். ஒவ்வொரு குடும்ப விருந்துலயும் கேப்பேன். கேக்காம எனக்கு சாப்பாடு எறங்காது.

அவனுக்கு இந்த ஆட்டத்தப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுறவன், அதுல கெட்டிக்காரன், நான் இல்லேங்கல. ஆனா ஒருதரம் எங்கூட இங்க வந்தான். ஆறாவது இன்னிங்ஸ் வரைக்கும் தூங்கினான். முழிச்சு, ‘மச்சான், எத்தன கோல் போட்டிருக்காங்க?’ங்கறான். கோலு! முன்னாடி வரிசையில இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க, எனக்குப் பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அவன்தான் சார் இன்னிக்கு மொத பந்து போடப் போறான்.

எப்படின்னு கேளுங்க. கேக்கலையா, பரவால்ல, சொல்றேன். டீம் ஆபீஸ் வாசல்ல, நீங்க உள்ள வந்தீங்களே அந்தக் கதவுகிட்ட, ஒரு கடுதாசி தொங்குச்சு. கண்ணாடி ஃப்ரேம் போட்டு. எலாடியோ பொறந்த ஊரு கோயில்லேர்ந்து வந்த கடுதாசி, முத்திர கித்திர எல்லாம் குத்தி, பாதிரியார் கையெழுத்தோட. எவனோ வேல மெனக்கெட்டு அந்த ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கான். எலாடியோவுக்கு ஞானஸ்நானம் குடுத்த பதிவேட்ட பாத்து அவங்களும் பதில் போட்டுட்டாங்க. எல்லாம் ஸ்பானிஷ். இங்க யாருக்கு ஸ்பானிஷ் தெரியும்? மூணு வாரம் அழகா தொங்கிட்டிருந்துச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம் முத்திரயப் பாத்து, ஆஹா என்ன மரியாதன்னாங்க.

அப்புறம் அந்த சோளச் சிப்ஸ் விக்கிற பொண்ணு மாரிசேலா, ஒருநாளு கட தொறக்கறதுக்கு முன்னாடி நின்னு முழுசாப் படிச்சுட்டா. படிச்சுட்டு நேரா ஆபீசுக்குள்ள போயி, ‘இதுல ஆகஸ்ட் ஏழுன்னு போட்டிருக்கு’ன்னாளாம். நல்ல பொண்ணு, அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாத்தயும் படிச்சுட்டே இருக்கணும்னு என்ன சட்டமா?

என்ன நடந்திருக்கு தெரியுமா? எலாடியோ டீம்ல சேந்த அன்னிக்கு ஒரு பாரம் நிரப்பச் சொல்லியிருக்காங்க. பொறந்த தேதின்னு இருந்த எடத்துல அவரு ஏழு, கோடு, எட்டுன்னு எழுதியிருக்காரு. ஏழாந்தேதி, எட்டாவது மாசம். நம்ம ஆபீஸ்ல அத மாத்தி வாசிச்சுட்டாங்க. ஏழாவது மாசம், எட்டாந்தேதி. நம்ம நாட்டுல மாசத்தத்தான முன்னாடி எழுதறோம்? அப்புறம் விசாரிச்சா, உலகத்துல மத்தவங்க எல்லாம் நாளத்தான் முன்னாடி எழுதுறாங்களாம். நாம மட்டுந்தான் இப்படியாம். எனக்கு யாரு சொன்னா? இத்தன வயசுக்கு ஒருத்தனும் சொல்லல.

அதுதான் போகட்டும், அந்த எலாடியோ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? ஜூலை எட்டுக்கு மத்த பசங்க எல்லாம் கேக் வாங்கிட்டு வந்து பாட்டுப் பாடியிருக்காங்க. பாவம், பத்தொம்பது வயசு, ஊரு விட்டு ஊரு வந்திருக்காரு, பாஷை தெரியல. சாப்பிட்டுட்டாரு. அடுத்த வருஷமும் கொண்டாந்திருக்காங்க, சாப்பிட்டுட்டாரு. கேக்கு வேணாம்னு எவன் சொல்லுவான்? அப்புறம் பெரிய லீகுக்குப் போயி, அங்கயும் அதே தேதி, ஆட்டக்காரங்க படம் போட்ட அட்டையில அச்சடிச்சு, அதே கேக்கு. இப்ப போய்ச் சேந்துட்டாரு. கேக்கவும் முடியாது.

இருங்க, இருங்க, மைக்குல கூப்பிடறாங்க… ‘எலாடியோ மொந்தால்வோவின் பிறந்தநாளில் பிறந்தவர், நமது லைல் டெக்கர்.’ நமது லைலாம். கேட்டீங்களா கைதட்டல? எனக்குக்கூட இவ்வளவு தட்டினதில்ல. ஒரு சந்தோஷமான சனங்க, எதுக்கும் தட்டுவாங்க.

அதோ வர்றான். தொப்பியப் பாருங்க, விலைச்சீட்டுகூட கிழிக்கல. என் தங்கச்சி ஆர்டித் ஓரமா நின்னு படம் எடுக்குறா பாருங்க, அழுவுறா வேற. போன வாரம் எனக்கு ஃபோன் பண்ணினான் சார் அவன். ‘மச்சான், எப்படிப் போடணும், கொஞ்சம் சொல்லிக்குடு’ன்னான். நான் என்ன சொன்னேன்? எனக்கு இடுப்பு வலின்னுட்டேன். இடுப்பு நல்லாத்தான் இருக்கு. சொல்லிக்குடுத்திருக்கலாம். அறுவது அடி தூரம் சார் அது, இங்கேர்ந்து பாத்தா கிட்டக்க தெரியும், அங்க நின்னு பாத்தா பந்து போய்ச் சேர வேண்டிய ஹோம் பிளேட்டு அடுத்த மாவட்டத்துல இருக்கும். நானே இருபத்தாறு வருஷத்துல ரெண்டு தடவதான் ஒழுங்காச் சேத்திருக்கேன். ஒருதரம் பேண்டு வாத்தியக்காரன் தொடையில பட்டுச்சு. ஒருதரம் கொக்குக்கு மூக்கு ஒடஞ்சுது.

கையத் தூக்கறான்… இல்ல, எறக்கறான். என்ன பண்றான்? குனியறான். ஏன் குனியறான்?

உருட்டி விட்டுட்டான் சார்! புல்லுல உருட்டி விட்டுட்டான். பந்து பாட்டுக்கு உருண்டு போயி… போயி… அய்யோ, நேராப் போகுதே. கோடு போட்டாப்ல போகுதே. நேரா பந்து பிடிக்க உக்காந்திருந்த பையன் கையுறைக்குள்ளயே போயிடுச்சு. ஆமா, அவனுக்குத் தரையில மட்டம் பாத்துப் பாத்துத்தான வேல. கண்ண மூடிட்டு ஒட்டினாலும் டைலு கோணாது. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க பாருங்க. கொக்கு அவனத் தூக்குது. நீங்களும் தட்டறீங்களா? தட்டுங்க, தட்டுங்க, நான் ஏன் தடுக்கறேன்.

நான் தட்டல. கையில வேர்க்கடல இருக்கு.

ஒண்ணு கேப்பீங்கன்னு நெனச்சேன், நீங்க கேக்கல. அந்தக் கடுதாசிய எழுதிக் கேட்டது யாருன்னு. ஊர்ல யாரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்ல, நல்ல மனுசங்க. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா என்ன? நாந்தான்.

நாந்தான் சார் எழுதினேன். நான் பொறந்தது சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். எலாடியோவும் அதே நேரத்துல பொறந்திருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. அதான், ‘ஐயா, எத்தன மணிக்குப் பொறந்தாரு’ன்னு பாதிரியாருக்கு எழுதினேன். தேதி கேக்கவே இல்ல, தேதிதான் எனக்குத் தெரியுமே. பதிலு வந்துச்சு. ஒரு எழுத்து புரியல. முத்திரயப் பாத்தேன், எலாடியோ பேரு இருந்துச்சு, போதும்னு தோணுச்சு. ஃப்ரேம் போட்டது நான். சுத்தியல் எடுத்துட்டுப் போயி வாசல்ல ஆணி அடிச்சதும் நான். ஆபீஸ்ல இருந்தவங்க, ‘டெல்மர், யாரையாவது விட்டு ஒருதரம் படிக்கச் சொல்லிடலாமே’ன்னாங்க. ‘எனக்குத் தெரியாததா அதுல இருக்கப் போகுது’ன்னு நாந்தான் சொன்னேன்.

மணி? மணி அதுல இல்ல. அந்தக் காலத்துல அங்க யாரும் மணியெல்லாம் எழுதி வெக்கல போல.

ஜெனீவா ஏன் வரலன்னு சொல்றேன்னேன்ல. வீட்டுல கேக் செய்யறா. வருஷா வருஷம் எலாடியோவோட முப்பத்தி நாலாம் நம்பர் சட்ட மாதிரியே ஒரு கேக் செய்வா, வெள்ளையும் நீலமுமா. ஜூலை எட்டுக்கு. இந்த வருஷம் ஜூலை எட்டு காலையில நான் எழுந்து வந்து பாக்கறேன், மேசையில ஒண்ணும் இல்ல. ‘கேக் எங்க?’ங்கறேன். ‘அதான் தேதி ஆகஸ்டுக்கு மாறிடுச்சே’ங்கறா. லைலுக்காக இன்னிக்கு செய்யறா. அவ மேல தப்பு இல்ல சார், பழக்கம் அப்படி. ஆர்வின் ஃபோன் பண்ணல. ஆர்டித் பண்ணல. எல்லாரும் இத்தன வருஷமா கூப்பிட்டு, ‘எலாடியோ நாள் வாழ்த்துக்கள்’னுதான் சொல்லுவாங்க, நானும் தேங்க்ஸ்னு வாங்கிக்குவேன். அன்னிக்கு அடுப்படியில நின்னு ஒரு ரொட்டித் துண்டு சுட்டுத் தின்னேன். வெண்ணெய்கூட தடவல. அறுபத்தெட்டு முடிஞ்சுது எனக்கு. வெறுந்தேதியில.

புத்தகத்த மறுபடி எடுத்து வரி வரியாப் பாத்தேன், வேற யாராவது இருக்காங்களான்னு. ஒரு நடுவரு கூட இல்ல.

என்ன, கெளம்பறீங்களா? ஆட்டம் இப்பத்தான தொடங்குது. ஓ, உங்க சீட்டு ஒம்பதாவது வரிசையா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே… ஆமா, நான் எங்க சொல்ல விட்டேன். பாத்துப் போங்க, படியில ஐஸ் கொட்டியிருக்கு.

என்ன சொன்னீங்க? சத்தத்துல கேக்கல… வாழ்த்தா? எனக்கா? ஆமா, ஒரு மாசம் ஆயிடுச்சு சார், லேட்டுதான். இல்ல, பரவால்ல. பரவால்ல. தேங்க்ஸ். ரொம்ப… சரி, போங்க, போங்க, மறைக்குது.

போயிட்டாரு. நல்ல மனுசன். இவ்வளவு நேரம் பேசினேன், அவரு என்னிக்குப் பொறந்தாருன்னு ஒரு வார்த்த கேக்கலையே நான்.