நெஞ்சுக்கு மட்டும் பயம்

நெஞ்சு படபடக்கிறது என்று வருபவருக்கு ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மனக்கவலை என்று எழுத வேண்டும். முறை அதுதான். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் தலைகீழாகவும் செய்யலாம்.

கம்பத்திலிருந்து தேனிக்கு வந்த பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஏலக்காய்த் தோட்டப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

"எனக்குப் பயமே இல்லக்கா. நெஞ்சுதான் தனியாப் பயப்படுது."

"டாக்டர் என்ன சொன்னாக?"

"நாடியக்கூடப் பிடிச்சுப் பாக்கல. புருசனோட சண்டையான்னு கேட்டுட்டுத் தூக்க மாத்திரை எழுதிட்டாக."

"சண்டையா?"

"அந்தாளு திருப்பூர்ல கெடக்கு. போன எடுத்தாத்தான சண்ட போட!"

"விடியமுன்ன வெறும் வயித்துல மூணு கட்டன் சாயா குடிச்சிட்டு ஜீப்புல ஏறுவ. படபடக்காம என்ன செய்யும்?"

"அத நிப்பாட்டி ஒரு மாசமாச்சு. கை நடுக்கம் நிக்கல. பைத்தியத்த ஜீப்புல ஏத்த மாட்டேன்னுட்டாரு கங்காணி. வேல போச்சு."

"ரத்தம் எடுத்தாகளே?"

"நான் அழுது கேட்டப்புறம்தான் எடுத்தாக. மாசி மகத்தன்னைக்கு. எப்பப் போனாலும் நாளைக்கு வாங்கறாக."

சின்னமனூர் தாண்டியதும் இளையவளின் கைபேசி அடித்தது; ஆஸ்பத்திரியிலிருந்து. கேட்டு முடித்தவள் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

"தைராய்டு கூடிப்போச்சாம்க்கா! அதுதான் படபடப்பாம், நடுக்கமாம். கங்காணிகிட்டச் சொல்லு, பைத்தியம் நானில்லன்னு!"

ரத்தம் எடுத்து ஒரு மாதம்; அன்று பங்குனி உத்திரம்.