இறந்தவர் சரிபார்த்த டிராயிங்

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய காலை மின்சார ரயிலில், கழுத்தில் உதிரிபாகக் கம்பெனி அட்டை தொங்க இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துக்காரன் திடீரென்று சொன்னான்:

“செத்துப்போன செக்கர் சாரு போன வாரம் என் டிராயிங்க செக் பண்ணிகீறாரு மச்சான்.”

“இன்னாடா ஒளர்ற?”

“அவரு காலத்து ஃபைல காப்பி பண்ணி அளவ மட்டும் மாத்தினேன். செக் பண்ணவரு கட்டத்துல அவரு பேரு அப்படியே நின்னுடுச்சு. ஒரு ஓட்டை எட்டு மில்லி தள்ளிப்போயி, அடிச்ச பீஸு அத்தினியும் ஸ்கிராப்பு.”

“மேனேஜர் பாக்கலியா?”

“பேரு இருக்குதேன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப கஸ்டமர், யாரு செக் பண்ணதுன்னு மெயில்ல கேக்கறான். அவரு பேரையே அனுப்பு, செத்தவர யாரு கேக்கப்போறான்றாரு மேனேஜரு.”

“நல்லதுதானடா. உன் வேல தப்பிக்கும்.”

ஜன்னலோரத்துக்காரன் மறைமலைநகர் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“யாருமே செக் பண்ணல, தப்பு என்னுதுன்னு நேத்தே அனுப்பிட்டேன். அந்த மனுசன் எந்த டிராயிங்க எடுத்தாலும் மொதல்ல ஓட்டையத்தான் அளப்பாரு, மச்சான்.”