முதல் காலடி வைத்தவன்

மேடை ஏறும் நாளில் நான் வயிறாரச் சாப்பிடுவதில்லை. ஒரு கிண்ணம் பருப்பு சூப், அவ்வளவுதான். கிளாஸ்கோ மதுக்கடை மாடிகளில் பதினைந்து பேர் முன்னால் ஜோக் சொல்லத் தொடங்கிய காலத்திலிருந்து இதே பழக்கம்.

என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 'அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தது யார்?' பதிப்பாசிரியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் எழுதியிருந்தது பொய்.

என்னை வாழவைத்தவன் என் அண்ணன் டூகல். கிரீனக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். குடித்துவிட்டு அவன் அடித்த கூத்துகளைத்தான் நான் மேடையில் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தில் எழுந்து நின்று மாப்பிள்ளையை வாழ்த்திப் பேசியது, பாதிரியார் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் படுத்துத் தூங்கியது. சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் அவனும் சிரித்தான். "என் மானத்த வித்துத்தானடா கோட்டு வாங்குற? வாங்குறதுதான் வாங்குற, நல்லதா வாங்கு" என்பான்.

ஐம்பத்திரண்டு வயதில் ரத்த வாந்தி எடுத்தான். இனி குடித்தால் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணி மோரக்கின் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். டூகல் குடியை விட்டான். பதினான்கு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. தக்காளி வளர்த்தான். தக்காளியை வைத்து என்ன ஜோக் சொல்வது? அந்த ஆகஸ்டில் எடின்பரோ விழாவில் என் அரங்கில் ஒன்பது பேர் இருந்தார்கள். இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

நீங்கள் லண்டன்காரர், அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். புத்தாண்டில் ஒரு வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவன் கறுப்புத் தலைமுடிக்காரனாக, நிலக்கரித் துண்டும் விஸ்கியுமாக வந்தால் அந்த வருடம் வீடு செழிக்கும். அவன் ஊற்றுவதை மறுத்தால் தரித்திரம். யாரும் பாட்டிலோடு வந்துவிடக் கூடாதென்று டூகல் அந்த வருடத்தின் கடைசி நாள் சாயங்காலமே கதவைப் பூட்டி விளக்கணைத்துவிட்டான். மறுநாள் காலை பதினொரு மணிக்கு மோரக் தன் அக்காவைப் பார்க்கக் கிளம்பினாள். அவள் பேருந்து ஏறும்வரை தெருமுனையில் காத்திருந்தேன். என் தலைமுடி கறுப்பு. சாயம்தான், ஆனாலும் கறுப்பு.

கதவைத் திறந்தவன் முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பார்த்தான்.

"டேய் இன்னஸ், இது எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சாஸ்திரத்துக்கு ஒரு மடக்குண்ணே. அடுத்த வாரம் அண்ணிக்கு ஆபரேஷன். வீடு தேடி வந்த அதிர்ஷ்டத்த வாசல்ல வச்சே விரட்டுவியா?"

மோரக்குக்கு மார்பில் கட்டி. அவளுக்காக அவன் எதையும் செய்வான் என்று எனக்குத் தெரியும். விளிம்புவரை ஊற்றினேன். பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மோரக் பிழைத்தாள். அவனைப் பிப்ரவரியில் புதைத்தோம். பாட்டில் பக்கத்து வீட்டு ஹெக்டர் கொடுத்தது என்று நான்தான் அவளிடம் சொன்னேன். இன்றுவரை அவள் அந்த மனிதரின் முகத்தில் விழிப்பதில்லை. எனக்கு மட்டும் ஞாயிறுதோறும் சமைத்துப் போடுகிறாள். குற்ற உணர்ச்சி இல்லாதவன் என்று என்னை நினைக்காதீர்கள். அவள் எதைப் பரிமாறினாலும் ஒரு கிண்ணம் சூப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த ஆகஸ்டில் அதே விழாவில் அண்ணனின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினேன். சிரித்தவர்களே அழுதார்கள். இருபத்தைந்து நாளும் அரங்கு நிறைந்தது. பிறகுதான் உங்கள் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது.

உண்மையை அச்சிடுவதானால் இதையும் சேர்த்து அச்சிடுங்கள். அன்று டம்ளரைக் காலி செய்துவிட்டு டூகல் என் சட்டைப்பையில் இருந்த, ஜோக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகத்தையே சற்று நேரம் பார்த்தான். "ம், எழுதிக்கோடா" என்றான். அவன் அனுமதி கொடுத்த பிறகுதான் நான் பேனாவைத் திறந்தேன்.