மரம் ஏறுகிறவர்களின் பெயர்

"ஹலோ... ஹலோ சார்... கேக்குதா?... ஆங், இப்ப கேக்குது, சொல்லுங்க... ஆமா, கன்னியம்மா தான்... கேளம்பாக்கம் சார், மரம் கழிக்கிற கம்பெனி... ஆமா ஆமா, அந்த இன்சூரன்சு விசயம் தான்... இன்னா சார், காலைல அவ்ளோ நேரம் பேசிட்டு அதுக்குள்ள யாருன்றீங்க..."

கன்னியம்மா வாசற்படியில் நின்றுகொண்டு செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த வீட்டில் டவர் கிடைக்கிற இடம் அந்தப் படி ஒன்றுதான். தெருப்பக்கம் இறங்கினாலும் போச்சு, உள்ளே நகர்ந்தாலும் போச்சு. படிக்கு நேர் பின்னால், ஜன்னலோரக் கட்டிலில் அவள் புருஷன் துரை படுத்திருந்தான். ஊரெல்லாம் டவர் நட்ட மகராசர்களுக்கு, அந்தக் கட்டிலுக்குக் கேட்காத இடமாகப் பார்த்து ஒரு முழம் விட்டு வைக்கத் தோன்றவில்லை. அவள் பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கும். எதிராளி பேசுவது மட்டும் கேட்காது.

எதிராளி செங்கல்பட்டு ஜானகிராமன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் திருப்தி வராது.

"புரிஞ்சுது சார்... ரெண்டும் புரிஞ்சுது... ஒண்ணு, கொம்பு வுழுந்து காரு, செவுரு, கரண்டு ஒயரு ஏதாச்சும் போச்சுன்னா அதுக்கு... ஆமா, மாமல்லபுரத்து ஓட்டல்ல தேங்கா வுழுந்து வெள்ளக்காரன் மண்ட ஒடைஞ்சா அதுக்கும்... ஆங். இன்னொண்ணு, ஏறுற ஆளுக்கு... அதான் சார்... அதான், அதான்... இன்னாது? மொதல்து மட்டும் போதுமா?... நாவலூருல அத்த மட்டும் தான் கேக்கறாங்களா?... கேப்பாங்க சார், ஏன் கேக்க மாட்டாங்க. கீழ நிக்கிறது அவங்க காரு. மேல நிக்கிறது எங்க ஆளு தானே..."

போன மழைக்கு, நாவலூரில் ஒரு ஆபீஸ் வளாகத்தில், கிளை கழிக்கத் தூங்குமூஞ்சி மரத்தில் ஏறியவன் துரை. ஈரக் கிளை பிளந்தது. கிளை ஒரு வெள்ளைக் கார் மேல் விழுந்தது, துரை தரையில் விழுந்தான். காருக்கு அன்று சாயங்காலமே ஆள் வந்து, நாலு பக்கமும் படம் பிடித்து, பக்குவமாக எழுதிக்கொண்டு போனான். துரைக்கு வந்தது ஒரு ஷேர் ஆட்டோ. அதற்கப்புறம் நாவலூரில் எந்த கேட்டுக்குப் போனாலும் முதலில் இன்சூரன்ஸ் காகிதம் எங்கே என்கிறார்கள். காகிதம் இல்லாமல் இந்த மழைக்காலத்து வேலை ஒன்றும் கிடைக்காது என்று ஆகிவிட்டது.

"இல்ல சார், நீங்க கோச்சிக்காதீங்க... எனக்கு ஆளுக்குப் போடறது கண்டிப்பா வேணும்... காருக்கும் போடுங்க, கேட்டத் தொறக்கணும்ல... ரெண்டும் தான்... ஆவும் சார், தெரியும், துட்டு ஜாஸ்தி தான் ஆவும். அத்த நான் பாத்துக்கறேன்... பெல்ட்டா? போட்டுகினு தான் ஏறுவாங்க... இப்ப எல்லாருக்கும் வாங்கியாச்சு... சத்தியமா சார். முன்னயா?... முன்ன இல்ல. கயிறு மட்டும் தான்..."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"இரு மாமா... பேசிகினு கீறேன்ல... சார், உங்கள இல்ல, உள்ள எங்க வூட்டுக்காரரு... ஆமா, அவரு தான்... பரவால்ல சார், கீறாரு... இன்னா மாமா?... வணக்கம் சொல்லணுமா, சொல்றேன்... சார், வணக்கம் சொல்றாரு... ஆங், சொல்லுங்க, அப்பால இன்னா வேணும்?... ஏறுறவங்க பேரா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் ஜாக்கிரதையாகப் பேசிவிட்டு, கேட்கக் கூடாதவன் காதில் விழுகிற மாதிரி அதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டாள்.

"...ஆமா மாமா, ஏறுறவங்க பேரு தான் கேக்கறாரு... ஆங்... ஆங், சரி... தெரியும் மாமா, உன் பேரு தான் மொதல்ல... எழுதச் சொல்றேன்... சொல்றேன்னு சொல்றேன்ல!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது அம்மா, உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய விஷயம் என்று. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, எலும்பு ஒண்ணு சேர நாளாகுமாம் மாமா என்று சொன்னாள். ஒரு தடவை சொன்னது, பிறகு தினமும் சொல்ல வேண்டியதாயிற்று. துரையும் விடவில்லை. கயிற்றை வெயிலில் போட்டியா, அரிவாளுக்கு எண்ணெய் தடவினாயா, இந்த மழைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மழைக்கு ஏறிவிடுவேன் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கயிற்றை வெயிலில் போட்டாள், மடித்து எடுத்து வைத்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

அவர்கள் தொழிலில் எல்லாரும் ஒன்றாக மரத்தில் தொற்றிக்கொள்வதில்லை. ஒருவன் முதலில் ஏறி, நல்ல கிளை பார்த்துக் கயிறு கட்டி, வாங்கடா என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். துரை கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குரல் அவனுடையதுதான். அதனால் பெயர் எழுதினாலும் அவன் பெயர்தான் முதலில்.

கன்னியம்மா முந்தானையை இழுத்து வாயோடு சேர்த்துப் போனை மூடிக்கொண்டாள்.

"சார்... மெதுவா பேசறேன், கேக்குதா?... ஒண்ணு கேக்கணும்... இப்ப ஏற முடியாத ஆளு பேரையும் சேக்க முடியுமா?... சும்மா தான் சார், பேருக்கு... அதுக்குண்டான துட்டக் கட்டிடறேன்... டாக்டர் கையெழுத்தா?... ஒடம்பு நல்லாக் கீதுன்னா?... அது கெடைக்காது சார்... ஆமா... ஆமா, அவருக்கு தான்... அவருக்குத் தெரியாது... இல்ல சார், இன்னும் சொல்லல... எப்டி சொல்றது? நீங்களே சொல்லுங்க, எந்த வாயால சொல்றது?..."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போயிற்று. அந்த இரைச்சல் இருந்தவரைக்கும் அவள் வாய்விட்டு மூச்சு விட்டாள்.

"...இன்னா சார் சொல்றீங்க?... பொய்யா ஒரு பேரு போட்டா மத்தவங்களுக்கும் செல்லாதா?... நாலு பேருக்குமா?... நாளைக்கு அவங்கள்ல ஒருத்தருக்கு ஏதாச்சும்னா... ஒண்ணுமே கெடைக்காதா?... ஐயோ, அப்ப வேணாம் சார்... வேணாம், வேணாம். அவங்க பொண்டாட்டிங்க எம்மூஞ்சிய எப்டி பாப்பாங்க... சரி... சரி சார். எழுதிக்கோங்க."

தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். இனி உரக்கச் சொன்னால் துரைக்குத் தெரிந்துவிடும், மெதுவாகச் சொன்னால் ஜானகிராமனுக்குக் கேட்காது. இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு வாயை வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"சீனு... ஆமா, சீனிவாசன்னு போடுங்க... தாவீது... தாவீது சார், சர்ச்சுக்குப் போறவரு... அப்பால கலையரசன்... சடையப்பன்... ஆங்... இன்னா மாமா?... வருது மாமா, உன் பேரு வருது... ஏன் கடைசில?... ஓனரு பேரு தனியா எழுதுவாங்களாம், அதுக்கு தான்... இரு... சார், அவ்ளோ தான்... நாலு... ஹலோ?... சார்?... ஹலோ... ஹலோ..."

டவர் போய்விட்டது. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கட்டிலில் அசைவு இல்லை. அவன் காது கொடுத்துக் காத்திருக்கிறான் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜானகிராமன் இல்லாத அந்தப் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆங் சார்... கேக்குது, கேக்குது... இன்னும் ஒரு பேரு கீது, எழுதிக்கோங்க... ஓனரு தான். மொதல்ல ஏறுறவரு... பேரா?..."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. கம்பெனிப் பலகையில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தும், யார் கேட்டாலும், பலகையில இருக்கறது தான் என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

"...துரை... துரை சார். து, ரை... ஆமா... அடுத்த மழைக்கு ஏறிடுவாரு... மொத பேரா மேல போட்டுடுங்க... ஆங், துரை... ரொம்ப நன்றி சா—"

போன் அவள் காதுக்குள்ளேயே கூவியது.

வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தது. பேசிக்கொண்டிருக்கிற போன் எங்கேயாவது அடிக்குமா? இது தெரியாத ஆள் இல்லை துரை. அவள் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. படியில் அப்படியே நின்றாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"...இன்னா மாமா?"

உள்ளே துரை பேசினான். மெதுவாகத்தான் பேசினான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"...எப்பலேர்ந்து?... ஆசுபத்திரிலயேவா?... அப்ப தினமும் கயிறு, கயிறுன்னு... எனக்கு... எனக்கா மாமா?... சரி... சரி மாமா, எடுக்கறேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அழுத்தினாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

"ஹலோ... ஆமா சார், கட்டாயிடுச்சி... நாலு பேரு தான்... இல்ல, அஞ்சு இல்ல, நாலு... மொதல்ல சீனு பேரப் போடணுமாம், கயித்து முடிச்சு அவனுக்கு தான் ஒயுங்கா வருமாம்... ஆமா, அவரே தான் சொன்னாரு... தெரியுமாம் சார்... நான் ஒருத்தி ஒளிச்சிகினு... 'காலு யாருது, என்னுது தானே, எனக்குத் தெரியாதா'ன்றாரு... எனக்கு தான் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தாராம்... நான் ஒடைஞ்சிடுவேன்னு, ஏறுவேன் ஏறுவேன்னு சொல்லிகினு இருந்தாராம் சார்... இல்ல... இல்ல சார், அழல... நாலு பேருன்னு போட்டு அனுப்பிடுங்க... வெச்சிடறேன் சார், உள்ள அவரும் அழுவுறாரு."