பதினோராம் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, கீழவைச் செயலகத்தின் உயர் அதிகாரிகளே, மேலவை மசோதாப் பிரிவிலிருந்து வந்திருக்கும் என் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என் தம்பி மனைவியே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம் நிற்கிறது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. அவருக்கும் வணக்கம்!

கூடப்பிறந்த தம்பியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசப்போகிறேன். என்னைவிட மூன்று வயது இளையவர். எனக்கு முன்னால் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். மாரடைப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மருத்துவரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றினால் அது சட்டமாகிவிடுமா? ஆகாது. அதே வாசகத்தை, ஒரு சொல் கூடாமல் குறையாமல், மேலவையும் நிறைவேற்ற வேண்டும். மேலவை எதையாவது மாற்றினால் மசோதா திரும்பக் கீழவைக்குப் போக வேண்டும். இரண்டு அவையும் ஒரே வாசகத்துக்கு வந்த பிறகுதான் அது நாட்டுத் தலைவரின் மேசைக்குப் போகும். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. இரண்டு அவைக்கும் நடுவே நூறு அடி நடைபாதை இருப்பது பாடத்தில் இல்லை. அந்த நடைபாதையில் முப்பத்தொரு வருடம் மசோதாவை ஏந்தி நடந்தவர் நம் 'மறுபடி'!

அவரை ஏன் அப்படிக் கூப்பிட்டோம்? கீழவையில் நிறைவேறிய வாசகத்தை அவர் உரக்க வாசிப்பார். எதிரே ஓர் உதவியாளர் மேலவைக்குப் போகும் பிரதியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். ஒரு பக்கம் முடிந்தால் இருவரும் கீழ் மூலையில் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார்கள். உதவியாளர் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் போதும், "மறுபடி!" என்பார். அந்தப் பக்கம் முதல் வரியிலிருந்து தொடங்கும்.

ஒரு தடவை ஒரு துணை அமைச்சர் கோபமாக வந்தார். "என்னய்யா, கீழே பாஸ் ஆயிடுச்சு, மேலேயும் பாஸ் ஆகப்போகுது. நடுவுல நீ யாரு?" என்றார். நம்மவர் எழுந்து நின்று, "நடுவுல இருக்கறவன் சார். இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அமைச்சர் உட்கார்ந்தார், ஐயா! எட்டுப் பக்கமும் கேட்டார்!

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் மேலவைப் பிரிவுக்கு வந்த முதல் நாள், அவர் கொண்டுவந்த மசோதாவுக்குப் பார்க்காமலே ரசீதில் கையெழுத்துப் போட்டேன். ரசீதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அக்கா, என்னை நம்பறீங்களா?"

"நம்பறேன் தம்பி."

"அப்ப இந்த வேலைக்கு நீங்க லாயக்கில்லை. பக்கத்தைப் புரட்டுங்க."

அந்தக் கோபம் எனக்கு ஒரு வாரம் ஆறவில்லை. அதன்பிறகு பத்தொன்பது வருடம் ஒரு பக்கத்தையும் நான் புரட்டாமல் விட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

ஒன்பது நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, வாடகைக் குடியிருப்பு மசோதா கீழவையில் நிறைவேறியது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொன்னால் தொண்ணூறு நாள் அவகாசம் தர வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. அதுவும் சேர்ந்தே நிறைவேறியது. அன்று மாலை தம்பி மேசையிலேயே சாய்ந்தார். மறுநாள் மசோதாவை வேறொருவர் கொண்டுவந்தார். நான் என்ன செய்தேன்? கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய பச்சை மை. அழுதேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். மற்ற பக்கங்களைப் புரட்டவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே இரண்டு அதிகாரிகள் வந்து போயிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவருக்கு நல்ல நாற்காலி ஒன்று தராத அலுவலகம், செத்த பிறகு வீடு தேடி ஏன் வந்தது? தம்பி மனைவி சொன்னார், "ஆபீஸ் பொருள் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க அண்ணி. டிபன் பாக்ஸ்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்." பிறகு அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு அவருடைய குறிப்பேட்டை எடுத்துத் தந்தார். கெட்டிக்காரி!

கடைசிக் குறிப்பு: "பக்கம் 11. தொண்ணூறு நாள் உட்பிரிவு சேர்ந்தது. ஒத்துப்பார்த்தாயிற்று."

ஓடிவந்து மேலவைப் பிரதியைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் அந்த உட்பிரிவு இல்லை. இடைவெளிகூடத் தெரியாமல் வரிகளை இழுத்துவிட்டிருக்கிறார்கள். கீழ் மூலையில் பச்சை மையும் இல்லை. காகிதம் மட்டும் மற்ற பக்கங்களைவிட வெள்ளை!

கீழவைச் செயலகத்தில் கேட்டால், அச்சுப் பிழையாம். சரி. கீழவையின் அன்றைய நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டேன். இன்னும் தட்டச்சாகிறதாம். ஒன்பது நாளாகவா? அன்று எதிரே உட்கார்ந்து கேட்ட உதவியாளரைத் தேடினேன். மறுநாளே நூலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். நூலகத்தில் அப்படி என்ன அவசரம்? மேடையில் இருப்பவர்கள் யாரும் தலை குனிய வேண்டாம். நான் யார் பெயரையும் சொல்லவில்லையே!

ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டேன். இன்று காலை மேலவைத் தலைவரிடம் என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்காமல் வாங்கியவள் நான், என் ரசீது செல்லாது, அந்தப் பக்கத்தை அவை ஏற்கக் கூடாது என்று. ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். நாளை பதினோரு மணிக்கு மேலவை இதை அப்படியே நிறைவேற்றிவிட்டால், எத்தனை குடும்பம் ஒரே இரவில் சாமானோடு தெருவில் நிற்கும்? அதற்குக் கீழே என் கையெழுத்தல்லவா இருக்கும்!

ஆகவே தம்பி, உன் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். நாளை ஒன்பது மணிக்கு உன் குறிப்பேட்டோடு மேலவைத் தலைவர் அறை வாசலில் நிற்பேன். இனி நான் இருக்கும்வரை எந்த மசோதாவும் வாசிக்கப்படாமல் அந்த நடைபாதையைத் தாண்டாது. என் எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். யாராவது இருக்கிறீர்களா?

கடைசி வரிசையில் ஒரு கை தெரிகிறது. யார் அது? நூலகத்துக்குப் போன தம்பியா? எழுந்து நில்லப்பா. என்ன சொன்னாய்?

"பதினோராம் பக்கத்துலயும் போட்டோம் அக்கா. அவரும் போட்டாரு, நானும் போட்டேன்."

மேடைக்குக் கேட்கவில்லையாம், தம்பி. மறுபடி!