சட்டைப் பையில் இருந்தது

எனக்குச் சத்தம் ஆகாது, சார். கடையில் மின்விசிறியைக்கூட ஒன்றிலேதான் வைப்பேன். லேப்டாப் பழுது பார்க்கிறவனுக்கு அது வசதி. உள்ளே எது கரகரக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அக்கா அப்படியில்லை. வாயாடி. நோய் கையையும் காலையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் நாக்கையும் வாங்கிக்கொண்ட பிறகும் அவள் பேச்சு நிற்கவில்லை. அவள் கண் திரையில் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை லேப்டாப் பொறுக்கிக்கொள்ளும். வாக்கியம் முடிந்ததும் ஒரு பெண்குரலில் படிக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"டேய், சட்டையை மாத்துடா. எனக்கு வாய்தான் போச்சு, மூக்கு இருக்கு" என்று ஒருநாள் அந்தக் குரல் சொன்னது. தினமும் காலையில் வரும் நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். நானும் சிரித்தேன்.

ஆறு வருடம் அவளுக்கு ஊட்டினேன், தலை வாரினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னாள்: "நான் பராமரிப்பு இல்லத்துக்குப் போறேன்டா. நர்ஸம்மா மூலமா விசாரிச்சுட்டேன். புதன்கிழமை ஆள் வராங்க. என் வாயாலேயே சம்மதம் கேக்கணுமாம்." கொஞ்ச நேரம் கழித்து, "என் வாயாமே, பாரேன்" என்றாள்.

நான் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது சுத்தமான பிறகும் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த லேப்டாப்புக்கு ஃபெர்ம்வேர் அப்டேட் போட்டேன். இயந்திரத்தை எழுப்பிவிடும் அடிப்படை நிரலைப் புதுப்பிக்கிற வேலை. பாதியில் நின்றுபோனால் விளக்கு மட்டும் எரியும், திரை கறுத்தே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. சரியான கோப்பு உள்ள பென்டிரைவைச் செருகி, இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானைத் தட்டினால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி ஆனபோது அக்காவின் எதிரிலேயே சரிசெய்தேன். "அந்தச் சிவப்பு பென்டிரைவைத் தொலைச்சுடாதடா, என் நாக்கு அதுலதான் இருக்கு" என்றாள். தொலைக்கவில்லை. எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

இந்த முறையும் திரை கறுத்தது. புதன்கிழமை வந்தவர்களிடம், "போர்டு போயிடுச்சு, பார்ட்ஸ் வரணும்" என்றேன். நர்ஸம்மா குனிந்து, "போகணும்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க" என்றார். சிமிட்டினாள்.

"கண்ணு காஞ்சா அப்படித்தான் சிமிட்டுவா" என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டேன். மருந்து விட்டால் யாரும்தான் விடாமல் சிமிட்டுவார்கள். குரல் வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான்கு மாதம். பார்ட்ஸ் வரவில்லை. மாலையில் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். அவள் கண் தெருவுக்குப் போகாது. என் சட்டைப் பையிலேயே நிற்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் ஆணியைப் பார்ப்பாள்.

"உங்க அக்கா ஏன் எப்பவும் உங்க பாக்கெட்டையே பாக்கறாங்க? அதுல என்ன புதையலா?" என்று நர்ஸம்மா கேட்டார். மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது சட்டையில் பென்டிரைவ் இல்லை, மேசையில் லேப்டாப் இல்லை. நர்ஸம்மா கொண்டுபோய்க் கொடுத்த அடுத்த தெரு ரிப்பேர் கடைக்காரனுக்கு எட்டு நிமிடம்தான் ஆனதாம். என்னைவிடக் கைவேகம்.

அக்கா பேசினாள். நர்ஸம்மாவிடம் மட்டும். "சார்ஜரை அவன்தான் பிடுங்கினான்."

உண்மைதான். மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று திரையில் இருந்தது. பேட்டரி ஏற்கெனவே செத்துப்போயிருந்தது என்றும் தெரியும். அப்டேட் நாற்பத்தொரு சதவீதத்தில் இருந்தபோது பிடுங்கினேன். அவள் நாற்காலியை வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கலாம், தோன்றவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த நான்கு மாதத்தில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டைகூட வந்ததில்லை.