ராட்சசியின் மோவாயில் ஒரு மச்சம்

டீ கொடுத்ததற்கு நன்றி, மேடம். ஸ்டேஷன் கப் என்பதால் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் யார் வாய் பட்டதோ என்று நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எல்லோருக்கும் நான் கதை டீச்சர். கதையைத் தூக்கி நிறுத்துவது ராஜகுமாரி என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. ராஜகுமாரி வந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். ராட்சசி வந்தால்தான் திறந்த வாய் மூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிடலாம்.

என் தம்பி மகளுக்கும் அப்படித்தான் ஊட்டினேன். ஆறு வயது. அவள் அம்மா வேலைக்குப் போய்விடுவாள். செத்துப்போனவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கரண்டியை நக்கிவிட்டு அதையே திரும்பப் பாத்திரத்தில் விடுவாள். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையில் அவள் முடி கொத்தாக அடைத்துக் கிடக்கும். நான்தான் குச்சியால் எடுப்பேன். அந்த எச்சில் வாயோடு வந்து குழந்தைக்கு முத்தம் கொடுப்பாள். பின்னாலேயே போய் ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்துவிடுவேன்.

போன மாதம் தனிக்குடித்தனம் போகிறோம் என்றாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு. தம்பி தலையாட்டினான், அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் சண்டை போடவில்லை. ராட்சசிக்கு மோவாயில் ஒரு மச்சம் மட்டும் வைத்தேன்.

மறுநாள் ராட்சசி கரண்டியை நக்கினாள். அதற்கடுத்த நாள் தொண்டையைச் செருமிக்கொண்டே படியேறினாள். முத்தம் கொடுத்துத்தான் பிள்ளைகளின் உயிரை உறிஞ்சுவாள் என்றும் சேர்த்தேன். குழந்தை மெல்லுவதை நிறுத்தினாள்.

“அத்தை, அம்மாவுக்கும் மச்சம் இருக்குல்ல?”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நீ சாப்பிடு.”

உண்மையில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு அம்மா கிட்டே வந்தாலே குழந்தை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். அம்மாக்காரி மூக்கொழுக உட்கார்ந்து அழுதாள், பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன்.

வீடு மாறும் அன்று காலை தம்பி சாமான் வண்டியோடு முன்னால் போய்விட்டான். இவள் இரண்டு கையிலும் பெட்டியோடு, மாடிப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தாள். குழந்தை தள்ளிவிட்டாள். என் கதையில் ராட்சசியைக் கிணற்றில்தான் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கீழே கிடந்தவளுக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து என்னவோ வடிந்துகொண்டிருந்தது. வாளியும் துணியும் கொண்டுவந்து படியை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். விட்டால் ஈ மொய்க்கும். பதினாலு படி. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

ராட்சசி செத்துவிட்டாள் என்று குழந்தை உங்களிடம் சொன்னாளாமே. அவளை ஒன்றும் கேட்காதீர்கள். எல்லாம் நான் சொன்ன கதைதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. குழந்தையைத் தம்பியோடு அனுப்பாமல் என்னிடமே விட்டுவிடுங்கள். தாயில்லாப் பிள்ளை, மேடம். நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?